ஒரே சோயாப்பால், ஊருக்கு ஊர் வேறு டோஃபு: சீன முறையும் அண்டை நாட்டு முறைகளும் வீட்டில் செய்ய

டோஃபு செய்ய முதல்முறை முயல்பவர்கள் கவலையெல்லாம் பயறைப் பற்றியே இருக்கும். பயறு முக்கியம்தான். ஆனால் கையில் கிடைக்கும் டோஃபு வழுவழுப்பாக இருக்குமா, எண்ணெயில் பொரித்தால் உடையாமல் நிற்குமா, லேசாகப் புளிக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது பாலைத் திரிக்கப் பயன்படுத்தும் பொருள். இங்கே அதைத் திரிபொருள் என்று சொல்வோம். வட சீனாவில் உப்பளத்துக் கசப்பு நீர், தென் சீனாவில் ஜிப்சம், வியட்நாமில் முந்தைய நாளின் புளித்த நீர், கொரியாவின் கிழக்குக் கரையில் கடல்நீர் என்று அந்தந்த மண்ணில் கிடைத்ததைக் கொண்டு ஒரே பாலைத் திரித்தார்கள். எந்த நாட்டு டோஃபு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பொருளையும் சூட்டையும் அதற்கேற்ப எடுக்கலாம்.

எங்கிருந்து எங்கே போனது

ஹான் காலத்து ஹுவாய்நான் இளவரசர் லியூ ஆன் டோஃபுவைக் கண்டுபிடித்தார் என்பது சீனாவில் எல்லோரும் சொல்லும் கதை. 16-ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் தம் மருந்து நூலில் அப்படி எழுதியதால் அது நிலைத்துவிட்டது. லியூ ஆன் வாழ்ந்த கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் எழுத்துகளில் இதற்குச் சான்று இல்லை. உறுதியான எழுத்துக் குறிப்பு 10-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதில் டோஃபு ஏழைகளின் ஆட்டிறைச்சி போலப் பேசப்படுகிறது. ஆகவே லியூ ஆன் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

அண்டை நாடுகளுக்கு இது பரவியதில் புலால் உண்ணாத பௌத்த மடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் நாரா நகரத்து கசுகா கோவிலின் 1183-ஆம் ஆண்டுப் படையல் குறிப்பு பழையது. கொரியாவில் 14-ஆம் நூற்றாண்டுப் புலவர் யி செக் டோஃபுவைப் பாடியிருக்கிறார். சோசன் ஆட்சியில் அரச சமாதிகளோடு இணைந்த மடங்கள் சடங்குக்கான டோஃபுவைச் செய்து கொடுத்தன. தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்த வழி வேறு. ஃபூஜியன், குவாங்டோங் பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கைத்தொழிலாக அது மலாயாவிலும் ஜாவாவிலும் இறங்கியது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது அன்றாடச் சாப்பாடு. தமிழ் முஸ்லிம் கடைகளின் மீ கோரெங்கில் பொரித்த டோஃபு துண்டுகள் இல்லாமல் இருக்காது.

வாங்க வேண்டியவை

சோயாபீன்ஸ் 250 கிராம். வெளிர் மஞ்சள் நிறமும், முழுத் தோலும், ஒரே அளவும் கொண்ட மணிகளாகப் பாருங்கள். கடையில் வெகுநாள் கிடந்த பயறில் புரதம் தண்ணீருக்குள் சரியாக இறங்காது. பால் நீர்த்துப்போகும், டோஃபுவின் எடையும் குறையும். உடைத்த சோயாப் பருப்பு வேண்டாம், ஏனென்றால் தோல் போனபின் உள்ளிருக்கும் எண்ணெய் சிக்கடித்துவிடும். மீல்மேக்கர் எண்ணெய் எடுத்த மாவில் செய்வது. அதிலிருந்து டோஃபு வராது.

பாத்திரம் 5 லிட்டர் கொள்ளும் அடிகனமானதாக இருக்கட்டும். 2 லிட்டர் பாலுக்கு இவ்வளவு பெரிய பாத்திரமா என்று தோன்றும், ஆனால் பொங்கும் நுரைக்கு அவ்வளவு இடம் தேவை. மிக்ஸி அல்லது கிரைண்டர், நெருக்கமாக நெய்த மல்துணி இரண்டு, கிராம் காட்டும் சின்னத் தராசு, சமையல் வெப்பமானி. அச்சுக்கு 10 செ.மீ. சதுரத்தில், எல்லாப் பக்கமும் ஓட்டை போட்ட ஒரு டப்பா போதும். மூடி டப்பாவுக்குள் இறங்கும் அளவில் இருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் வைக்க முடியும்.

திரிபொருள் வாங்கும்போது உணவுத்தரம் என்று அச்சிட்டதை மட்டும் எடுங்கள். ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட் என்றால் ஐஎன்எஸ் 516, மக்னீசியம் குளோரைடு என்றால் ஐஎன்எஸ் 511 என்று பாக்கெட்டில் இருக்கும். நிலக்கடலைக்குப் போடும் உரக்கடை ஜிப்சமும், சிலை வார்க்கும் பாரிஸ் சாந்தும், கரும்பலகைச் சாக்பீஸும் சமையலுக்கு ஆகாதவை. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உப்பு படிந்தபின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீரிலும் ஜப்பானியர் நிகாரி என்று விற்கும் அதே மக்னீசிய உப்புகள் உண்டு. ஆனாலும் பாத்தியிலிருந்து நேரே எடுத்துச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். வண்டலும் வேறு உப்புகளும் கலந்திருக்கும், அதன் அடர்த்தியும் நாளுக்கு நாள் மாறும்.

பால் எடுப்பது

எந்த முறைக்கும் இந்தப் பகுதி பொது. டோஃபு கெட்டுப்போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

பயறைக் கழுவி ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற வையுங்கள். நம் ஊர் வெயிலில் 6 முதல் 8 மணி நேரம் போதும். மலைப்பகுதிக் குளிரில் 12 மணி வரை போகலாம். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளித்து, பால் கொதிக்கும்போதே திரிந்துவிடும். ஒரு மணியை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உட்பக்கம் தட்டையாக, ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே நிறமாக இருந்தால் ஊறியது. நடுவில் குழி தெரிந்தாலோ மஞ்சள் கருத்திருந்தாலோ இன்னும் நேரம் வேண்டும். 250 கிராம் பயறு ஊறியபின் ஏறக்குறைய 550 கிராம் ஆகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

புதிய தண்ணீர் 750 மி.லி. சேர்த்து மூன்று முறையாக, ஒவ்வொன்றும் 2 முதல் 3 நிமிடம் அரையுங்கள். விரலுக்கிடையில் தேய்த்தால் மெல்லிய ரவைப் பதம் தெரிய வேண்டும். அதற்கு மேல் கொரகொரப்பாக விட்டால் பால் சக்கையிலேயே தங்கிவிடும். மாவாக அரைத்தால் சக்கை துணி வழியாக இறங்கி டோஃபுவில் மணல்போல நெருடும்.

இந்த இடத்தில் சீனாவும் ஜப்பானும் பிரிகின்றன. சீன வழக்கத்தில் அரைத்ததைப் பச்சையாக வடிகட்டி, பிறகு பாலை மட்டும் காய்ச்சுவார்கள். ஜப்பானின் பெருந்தீவுகளில் அரைத்த விழுதையே சக்கையோடு காய்ச்சி, சூட்டோடு பிழிவார்கள். ஒகினாவா தீவில் மட்டும் சீனாவைப் போலப் பச்சையாகப் பிழியும் வழக்கம் நிலைத்தது. ரியூக்யூ அரசாக இருந்தபோது அந்தத் தீவுக்கு மிங் சீனத்தோடு நேரடித் தொடர்பு இருந்ததை நினைத்தால் இது பொருந்துகிறது. காய்ச்சிப் பிழிந்தால் சற்று அதிகப் பால் இறங்கும். ஆனால் கொதிக்கும் துணியைக் கையால் முறுக்க முடியாது, சக்கை அடியில் படிந்து தீய்ந்தும் போகும். வீட்டில் செய்பவர்களுக்குச் சீன வழிதான் ஏற்றது.

அரைத்ததில் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து, இரண்டு மடிப்பு மல்துணியில் ஊற்றி முறுக்கிப் பிழியுங்கள். சக்கையை 250 மி.லி. தண்ணீரில் பிசைந்து மறுபடி ஒருமுறை பிழியுங்கள். பால் 1.8 லிட்டர் அளவில் கிடைக்கும். வழுவழுப்பான டோஃபுவுக்குப் பால் இதைவிட அடர்த்தியாக இருக்க வேண்டும். அந்த அளவு அந்தப் பகுதியில் வரும்.

காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள். தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டியபடி மிதமான தீயில் காய்ச்சுங்கள். 80 டிகிரியை நெருங்கும்போதே நுரை மளமளவென்று எழும்பும். கொதித்துவிட்டது என்று பலர் இங்கே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அது கொதி அல்ல. சோயாவில் இருக்கும் சபோனின் கிளப்பும் நுரை அது. பால் உண்மையில் வேகவே தொடங்கியிருக்காது. அரைவேக்காட்டுச் சோயாப்பால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு தரும், ஏனென்றால் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள்கள் பச்சைச் சோயாவில் உள்ளன. நுரை எழுந்ததும் தீயைக் குறைத்து, நுரையை வழித்தெடுத்து, அடியிலிருந்து குமிழ் கிளம்பும் உண்மையான கொதி வந்த பிறகு சிறுதீயில் 10 நிமிடம் விடுங்கள். பச்சை வாடை போய் இனிப்பான மணம் வரும்.

அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேல்பாலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தீய்ந்த வாடை ஒருமுறை கலந்துவிட்டால் எந்தத் திரிபொருளும் அதைப் போக்காது.

அடுப்பை அணைத்ததும் மேலே ஆடை படியும். அதைக் குச்சியால் தூக்கி நிழலில் உலர்த்தினால் ஜப்பானில் யூபா என்று விற்கும் பண்டம். சீனாவில் அதையே உருட்டி உலர்த்தி நீளக் குச்சிகளாக விற்கிறார்கள். டோஃபுவுக்கு அது தேவையில்லை. அப்படியே விட்டால் அச்சில் மடிந்து விரிசல் உண்டாக்கும், அதனால் எடுத்துவிடுங்கள்.

கசப்பு உப்பு முறை: வட சீனா, ஜப்பான், கொரியா

பாலின் இனிப்பை அப்படியே நிறுத்துவது இந்த முறைதான். மக்னீசியம் குளோரைடு தண்ணீரில் உடனே கரைந்து, பாலைத் தொட்ட கணமே வேலை செய்யும். அந்த வேகமே அதன் சிக்கலும். அவசரமாக ஊற்றினால் ஒரு பக்கம் கட்டியாகத் திரிந்து, மறுபக்கம் பாலாகவே நிற்கும்.

மக்னீசியம் குளோரைடு படிகம் 7 கிராம் எடுத்து 120 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால் உணவுத்தர எப்சம் உப்பு 7 முதல் 8 கிராம். டோஃபு வரும், இனிப்பு சற்றுக் குறையும். பால் 75 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கொதித்த பாலைத் திறந்து வைத்தால் 10 நிமிட அளவில் அந்தச் சூட்டுக்கு வரும்.

பாலை ஐந்தாறு சுற்றுக் கலக்கி, ஓடும் பாலில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, உடனே கரண்டியைச் செங்குத்தாக நிறுத்திச் சுழலை நிறுத்துங்கள். அடுத்த பங்கைக் கரண்டியின் முதுகு வழியாக மேலே பரவலாகத் தெளித்து மூடி 3 நிமிடம் விடுங்கள். திறந்து பார்த்தால் சிறு மேகங்களாகத் திரள் தெரியும், இடையில் பால் நிறம் இன்னும் இருக்கும். கடைசிப் பங்கைப் பால் நிறம் தெரியும் இடங்களில் மட்டும் ஊற்றி, அடியிலிருந்து ஒருமுறை மெல்லத் தூக்கிவிட்டு மூடுங்கள். 5 நிமிடத்தில் திரள்களுக்கிடையே வெளிர் மஞ்சளாகத் தெளிநீர் நிற்க வேண்டும். தெளிந்துவிட்டால் கரைசல் மீதி இருந்தாலும் ஊற்றாதீர்கள். கூடுதலாகப் போன ஒவ்வொரு கிராமும் கசப்பாக நாக்கில் நிற்கும்.

இந்த நிலையிலேயே, அழுத்தாமல் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டால் கொரியாவின் சுண்டுபு. அதை நேரே காரச் சாறில் கொதிக்கவிட்டுச் சாப்பிடுவார்கள். காங்நுங் நகரத்துச் சோடங் டோஃபு கிழக்குக் கடலின் நீரையே ஊற்றித் திரித்தது. கொரியாவின் மேற்குக் கரையில் அகன்ற சேற்றுப் பரப்புகளும் உப்பளங்களும் உண்டு, கிழக்குக் கரையில் இல்லை. அதனால் உப்பு மூட்டையிலிருந்து வடியும் கசப்பு நீருக்குப் பதில் கடலையே நாடினார்கள். நம் கடற்கரை நீரில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நகரக் கரைகளில் கழிவுநீர் கலக்கிறது. கடல்நீரில் மக்னீசியம் குறைவு என்பதால் நிறைய ஊற்ற வேண்டியும் வரும்.

கட்டி டோஃபுவுக்கு, நனைத்த துணி விரித்த அச்சில் திரளை உடைக்காமல் அடுக்குங்கள். துணியை மேலே மடித்து மூடி, முதல் 10 நிமிடம் அரை கிலோ பாரம், அடுத்த 20 நிமிடம் ஒன்றரை கிலோ. முதலிலேயே பெரிய பாரத்தை ஏற்றினால் வெளிப்பக்கம் இறுகி, உள்ளே தண்ணீர் சிறைப்பட்டு, வெட்டும்போது நடுவில் கூழாக இருக்கும். ஒகினாவா டோஃபுவைப் போல இறுக்கமாக, வறுத்துப் புரட்டினாலும் உடையாதபடி வேண்டுமென்றால் 3 கிலோ பாரத்தில் ஒரு மணி நேரம் விடலாம். பிறகு அச்சோடு குளிர்ந்த நீரில் இறக்கி, நீருக்குள்ளேயே துணியைப் பிரியுங்கள். காற்றில் பிரித்தால் மூலை உடையும். 400 கிராம் அளவில் டோஃபு கிடைக்கும்.

ஜப்பானில் இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களுக்கான மக்னீசியத்துக்காக நிகாரியை அரசு எடுத்துக்கொண்டது. கடைக்காரர்கள் ஜிப்சத்துக்கு மாறினார்கள், போர் முடிந்தும் பலர் திரும்பவில்லை. அதே பயறுக்கு ஜிப்சம் அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூடுதல் எடை தருகிறது, கைப்பதமும் அவ்வளவு வேண்டியதில்லை. சுவைக்கு நிகாரி, எடைக்கு ஜிப்சம் என்பது அந்தத் தொழிலில் இன்றும் பொருந்தும் கணக்கு.

ஜிப்சம் முறை: தென் சீனாவும் மலேசியாவும்

ஜிப்சம் தண்ணீரில் எளிதில் கரையாது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும், மற்றது மாவாக அடியில் தங்கும். கரைந்த பங்கு பாலில் செலவாகச் செலவாக, மீதி மெதுவாகக் கரைந்து வரும். இந்த நிதானத்தால் திரள் தனித்தனியாகப் பிரியாமல், பால் முழுவதும் ஒரே பாளமாக உறைகிறது. தென் சீனாவின் டௌஹுவா, மலேசியாவின் தௌ ஃபூ ஃபா, சிங்கப்பூரின் தௌ ஹுவே, பிலிப்பைன்ஸின் தாஹோ எல்லாம் இந்த உறைவுதான்.

இதற்குப் பயறு 200 கிராம், மொத்தத் தண்ணீர் 1.2 லிட்டர். சக்கையை மறுபடி கழுவிப் பிழிய வேண்டாம். அப்படிப் பிழிந்த பால் நீர்த்திருக்கும், உறைவு கலகலவென்று தண்ணீர் விடும். அடர்த்தியான பால் ஒரு லிட்டர் அளவில் வரும். ஜிப்சம் 4 கிராம், மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 10 கிராம் இரண்டையும் 60 மி.லி. குளிர்ந்த நீரில் கரைத்து, உறையவைக்கும் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். பாலைக் கொதிக்கவைத்து 85 முதல் 90 டிகிரிக்கு இறக்குங்கள். கீழே படிந்த மாவை ஒருமுறை கலக்கிவிட்டு, பாலை ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். விழும் வேகமே கலக்கிவிடும். கரண்டி போடாதீர்கள். மேலே நுரையை வழித்து, மூடிக்கடியில் ஒரு துணி விரித்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆவி சொட்டி மேற்பரப்பில் குழி விழும். 20 நிமிடம் பாத்திரத்தை அசைக்கக்கூடாது. பாதி உறைந்த நிலையில் அசைத்தால் ஏற்பட்ட முறிவு மறுபடி சேராது.

தட்டைக் கரண்டியால் மெல்லிய தகடுகளாகச் சீவி எடுத்து, இஞ்சிப் பாகு ஊற்றிச் சாப்பிடுவது தெற்கத்தி வழக்கம். 40 கிராம் இஞ்சியை நசுக்கி 250 மி.லி. நீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, 200 கிராம் பனைவெல்லம் சேர்த்துக் கரைந்ததும் வடிகட்டுங்கள். மலாக்காவின் பனைவெல்லத்துக்கு நம் கருப்பட்டி சுவையில் மிக அருகில் வரும், உப்புச் சாயல் மட்டும் சற்று அதிகம். ரம்பை இலை கிடைத்தால் ஒன்றை முடிந்து போடுங்கள். வட சீனாவில் இதே உறைவைச் சோயா சாஸும் காளானும் ஊற்றி உப்பாகச் சாப்பிடுகிறார்கள். சிச்சுவானில் மிளகாய் எண்ணெய்.

ஜிப்சத்தில் கட்டி டோஃபு வேண்டுமென்றால் முன் சொன்ன 1.8 லிட்டர் பாலுக்கு 7 கிராமை 150 மி.லி. நீரில் கலந்து, 80 டிகிரியில், ஒவ்வொரு பங்கு ஊற்றும் முன்பும் கலக்கி ஊற்றுங்கள். திரிய 15 நிமிடம் ஆகும். அதை நன்றாக அழுத்தினால் மலேசியக் கடைகளின் தௌ க்வா.

புளித்த நீர் முறை: வியட்நாமும் ஜாவாவும்

செலவே இல்லாத முறை இது. நேற்றைய டோஃபுவிலிருந்து வடிந்த தெளிநீர் புளித்து, இன்றைய பாலைத் திரிக்கிறது. ஹனோயில் மாய் டோங் பகுதியின் பெயர்பெற்ற டோஃபு இப்படி வந்தது. அதைப் பொன்னிறமாகப் பொரித்து, அரிசிச் சேவையோடும் மணமிக்க இறால் விழுதோடும் தின்பார்கள்.

முதல்முறை கையில் புளித்த நீர் இருக்காது. எலுமிச்சைச் சாறு 50 முதல் 60 மி.லி., அல்லது வினிகர் 45 மி.லி. எடுத்து, 100 மி.லி. நீரில் கலந்து 80 டிகிரிப் பாலில் ஊற்றித் திரியுங்கள். வடிந்த தெளிநீரைச் சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில், துணி மூடி, அறைச் சூட்டில் 24 மணி நேரம் வையுங்கள். சுத்தமான புளிப்பு வாசனை வர வேண்டும். நூல் நூலாக இழுபட்டாலோ, மேலே பூஞ்சணம் படர்ந்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த தடவை லிட்டர் பாலுக்கு 200 முதல் 250 மி.லி. புளித்த நீர் பிடிக்கும். புளிப்பு நாளுக்கு நாள் மாறுவதால் இங்கே தராசை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். நான்கைந்து தவணையாக, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிட இடைவெளி விட்டு ஊற்றி, தெளிநீர் தெளிந்த கணம் நிறுத்துங்கள். தாண்டினால் டோஃபு புளிக்கும், திரள் ரவைரவையாக உதிரும்.

மேற்கு ஜாவாவின் சுமெடாங் நகரம் பொரித்த டோஃபுவுக்குப் பேர்போனது. சீனக் குடியேறிகள் கொண்டுவந்த தொழில் அது. துண்டுகளை உப்பு நீரில் ஊறவைத்து நன்கு காய்ந்த எண்ணெயில் போட, வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பாதி வெற்றிடமாகவும் உப்பும். கிழக்கு ஜாவாவின் கெடிரியில் மஞ்சள் சேர்த்து நிறமேற்றுகிறார்கள். உப்பு நீர் வித்தை எந்த டோஃபுவுக்கும் உதவும். லிட்டர் கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, துண்டுகள் 15 நிமிடம், பிறகு துணியில் ஒற்றி ஈரம் போக்கி எண்ணெயில் இடுங்கள். சுடு உப்புநீர் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுப்பதால் எண்ணெய் தெறிப்பது குறையும், சுவையும் உள்ளே இறங்கும்.

பாக்கெட் வழுவழு டோஃபு

குளுக்கோனோ டெல்டா லாக்டோன், ஐஎன்எஸ் 575, நவீன ஆலைகளின் பொருள். காய்ச்சிக் குளிரவைத்த அடர்பால் லிட்டருக்கு 3 கிராம் கரைத்துக் கிண்ணங்களில் ஊற்றி, 85 டிகிரி ஆவியில் 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். சூட்டில் அது மெல்ல அமிலமாக மாறி, கிண்ணத்துக்குள்ளேயே உறையவைக்கும். தண்ணீர் கொதிக்கும் ஆவியில் வைத்தால் உள்ளே ஓட்டைகள் விழும். மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். சுவையில் இதற்கு நான் கடைசி இடம்தான் தருவேன், லேசான புளிப்பு எப்போதும் உண்டு.

சரியாக வராதபோது பார்க்க வேண்டியது

தெளிநீர் வெண்மையாகவே நின்றால் பால் ஆறியிருக்கலாம் அல்லது திரிபொருள் போதவில்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். 70 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் சிறுதீயில், கலக்காமல், மறுபடி 80-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் மட்டும் இன்னும் ஒரு கிராம் திரிபொருளைக் கரைத்து ஊற்றலாம்.

திரள் சின்னச் சின்ன மணிகளாக உதிர்ந்து அச்சில் ஒட்டவே இல்லையென்றால் பால் மிகச் சூடாக இருந்திருக்கும், அல்லது திரிந்தபின் கலக்கியிருப்பீர்கள். டோஃபு ரப்பர்போல இறுகினால் திரிபொருள் அதிகம். வேகாத சோயா வாடை அடித்தால் காய்ச்சிய நேரம் குறைவு. அச்சில் வைத்தும் பாளம் சேராமல் அடுக்கடுக்காகப் பிரிந்தால், திரளை அச்சில் இடும் முன்பே ஆறவிட்டதுதான் காரணம். சூடு இருக்கும்போதுதான் அது ஒன்றோடொன்று பற்றும்.

வைத்திருப்பது

முழுகும் அளவு குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் நீரை மாற்றினால் 3 முதல் 4 நாள் தாங்கும். வெளியே வைத்தால் அன்றே சமைத்துவிடுங்கள். நீர் வழவழத்தாலோ டோஃபு புளித்த வாடை அடித்தாலோ எறிந்துவிட வேண்டும். சீனாவின் நொதித்த டோஃபு ஒகினாவாவில் சிவப்புப் பூஞ்சணத்தில் நொதித்த அரிசியும் அரிசிச் சாராயமும் சேர்ந்த டோஃபுயோவாகவும், வியட்நாமில் சாவ் என்றும் வாழ்கிறது. அதை வீட்டில் முயல வேண்டாம். சரியான உப்பும் சாராயமும் இல்லாமல் மூடிவைத்த டோஃபுவில் உயிரைப் பறிக்கும் பொட்டுலினம் நஞ்சு உருவாகியிருக்கிறது.

உறைய வைப்பது பாதுகாப்பானது. வட சீனக் குளிர்காலத்தில் டோஃபுவை வெளியே வைத்து உறையவிடுவார்கள். ஜப்பானில் கோயா மலை மடங்களோடு சேர்த்துப் பேசப்படும் வகை, உறைந்ததை மேலும் உலர்த்திச் செய்வது. வீட்டில் கட்டி டோஃபுவை 2 செ.மீ. தடிமனில் வெட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். மஞ்சளாக மாறும், பயப்பட வேண்டாம், உருகினால் நிறம் திரும்பும். உள்ளிருந்த நீர் பனிக்கட்டியாகிக் கீறிய துளைகள் அப்படியே நிற்கும். உருகிய துண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்தித் தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் குழம்பில் போட்டால் சாற்றை முழுக்க இழுத்துக்கொள்ளும். வழுவழு டோஃபுவை மட்டும் உறைய வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீரும் துகளுமாகப் பிரிந்துவிடும்.